மாடி வீடு பார்க்க வந்தவர்கள்

வாம்மா, உள்ளே வா. மாடி வீடு பார்க்கத்தானே வந்தாய்? கேட்டுக்கு வெளியே நின்று அந்த அட்டையையே எவ்வளவு நேரம் படிப்பாய்? ‘மாடி வீடு வாடகைக்கு’ என்று மூன்றே மூன்று வார்த்தை. அதற்குக் கீழே பென்சிலில், ‘தண்ணீர் உண்டு, மத்தியானம் மட்டும் வராது’ என்று இருக்கிறதே, அது என் மகள் எழுதியது. உண்மையைத்தான் எழுதியிருக்கிறாள். அதனால் நானும் அழிக்கவில்லை.

செருப்பு அங்கேயே கிடக்கட்டும், யாரும் எடுக்க மாட்டார்கள். உட்கார். உன்னை நீ என்றே சொல்கிறேனே, என் கடைசித் தங்கையைவிடச் சின்னவளாகத் தெரிகிறாய்.

ஒரு சின்னச் சிக்கல். மாடிச் சாவி எப்போதும் இந்த ஆணியில்தான் தொங்கும். காலையிலிருந்து காணோம். எங்கள் வீட்டுக்காரர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மின்வாரிய ஆபீசுக்குப் போயிருப்பார். போன் போட்டால், “எங்கிட்ட இல்ல பூங்கொடி” என்கிறார். பைக்குள் கைவிட்டுப் பார்க்காமலே சொல்கிற ஆள். சாயங்காலம் வந்துவிடுவார். மணி மூன்றரைதானே ஆகிறது? அதுவரை இரண்டு வார்த்தை பேசிக்கொண்டிருப்போம்.

கழுத்து அட்டையில் போட்டிருக்கிறதே, மண் பரிசோதனை நிலையத்தில் வேலையா? நல்லது. நீயும் அம்மாவும் மட்டும்தானா? ரொம்ப நல்லது. நான் கேட்க வேண்டியது அவ்வளவுதான். எனக்கு அதிகம் பேசிப் பழக்கமில்லை.

நீ வந்தது நல்ல சமயம். நாளை மறுநாள் ஆடி பிறக்கிறது. ஆடியில் திண்டுக்கல்லில் எவளாவது வீடு மாறுவாளா? பால் காய்ச்சுவதானால் நாளைக்குள் காய்ச்ச வேண்டும். பாலை மட்டும் காய்ச்சிவிட்டால் போதும், சாமான் மெதுவாக வரட்டும். நீ காய்ச்சவில்லை என்றால் எங்கள் மதினி காய்ச்சிவிடுவார். மதினி என்றால் இவருடைய அக்கா. காலையில் பதினோரு மணிக்கே டேப்பும் கையுமாக வந்தார், மாடியில் பீரோ எங்கே நிற்கும் என்று அளந்து பார்க்க. சாவி இல்லை. படியில் உட்கார்ந்து அரை மணி நேரம் விசிறிக்கொண்டு, “இந்த வீட்ல ஒரு பொருள் வச்ச எடத்துல இருக்காது” என்று சொல்லிவிட்டுப் போனார். சாவி காணாமல் போனதற்குச் சாமிக்கு ஒரு தேங்காய் உடைக்கலாம் என்று இருக்கிறேன்.

மதினி மாடிக்கு வந்தால் என்ன என்று கேட்கிறாயா? கேட்கவில்லையா? சரி, நானே சொல்கிறேன்.

எங்களுக்கு ஒரே மகள், நித்திலா. மூன்றாம் வகுப்பு. இரட்டைப் பின்னல் போட்டு அனுப்பினால் ஒற்றைப் பின்னலோடு வருவாள். இன்னொரு ரிப்பனை எதையாவது அளக்க அவிழ்த்திருப்பாள். மதினிக்கு ஒரே மகன், கோகுலகிருஷ்ணன். அதே வகுப்பு, அதே பெஞ்சு. போன மாதம் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். ஸ்டெல்லா டீச்சர் எழுந்து, “ஒவ்வொருத்தரும் ஒங்க பிள்ளைய நெனச்சுப் பெருமைப்பட்ட ஒரு சம்பவம் சொல்லுங்க. ஆளுக்கு ஒரு நிமிஷம்” என்றார். மேஜையில் ஒரு மணி வேறு வைத்திருந்தார். மதினி முதல் ஆளாக எழுந்து, “எம்மகன் கோகுல் சொன்ன எடத்துல உக்காந்திருப்பான். காலைல உக்கார வச்சா சாயங்காலம் அங்கேயே எடுத்துக்கலாம்” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? “எங்க வீட்டு கிரைண்டரும் அப்படித்தான் மதினி” என்று சொல்லிவிட்டேன். மெதுவாகத்தான் சொன்னேன். மைக் அணைக்காமல் இருந்தது.

அப்புறம் என் முறை. ஒரு நிமிடத்தில் எதைச் சொல்வது, எதை விடுவது? டீச்சர் மூன்று முறை மணி அடித்தார். நான் பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். சொல்லி முடித்துப் பார்த்தால் கூடத்தில் பாதி நாற்காலி காலி. அன்றைக்கு வெயில் அப்படி. ஒவ்வொருத்தராகத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்கள், பாவம்.

டீ போட்டுவிட்டேன், குடி. சர்க்கரை போதுமா? தலையை ஆட்டுகிறாய், போதும் என்றா, போதாது என்றா? சரி.

நான் எங்கே விட்டேன்? மாடி வீடு. மூன்று மாதமாகக் காலி. கடைத்தெருவில் விசாரித்திருப்பாய், ‘அந்த வீட்டுக்கு வாஸ்து சரியில்லை’ என்று சொல்லியிருப்பார்கள். அதை நம்பாதே. அந்தப் புரளி எங்கிருந்து கிளம்பியது என்று எனக்குத் தெரியும். முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும்.

முதன்முதலில் மாடியில் இருந்தவர் வங்கி மேலாளர், சபாபதி சார். தங்கமான மனிதர். முடி அப்படிக் கருகருவென்று இருக்கும். நித்திலாவுக்கு அப்போது ஐந்து வயது முடிந்திருந்தது. ஒரு நாள் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து காட்டுகிறாள். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு கறுப்புப் புள்ளி வைத்திருக்கிறாள். என்னடி இது என்றால், “இந்தத் தேதியிலதாம்மா சார் முடி கருப்பாகும். அப்புறம் ஓரத்துல இருந்து வெள்ளையா வளரும்” என்கிறாள். ஐந்து வயதில் யாருக்கு இந்தக் கவனிப்பு வரும், சொல்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வாரம் அவர் மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். நான்தான் இவளை மாடிக்கு அழைத்துப் போய், “அந்தக் காலண்டரைக் காட்டு கண்ணு” என்றேன். வந்தவர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! சார் மட்டும் சிரிக்கவில்லை, சம்பந்தம் பேசுகிற கவலை அவருக்கு. அடுத்த மாதமே அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. மாற்றல் என்றுதான் சொன்னார். இப்போது பின் தெருவில் இருக்கிறார். வங்கிக்காரர்களுக்கு எப்படியெல்லாமோ மாற்றல் போடுகிறார்கள்.

சுண்டல் எடுத்துக்கொள். காரம் இருக்காது. மாடியில் அடுத்து இருந்த வர்ஷினி பொடி வியாபாரம் செய்தாள், வீட்டில் வறுத்து அரைத்த சாம்பார் பொடி என்று. தெருவே வாங்கியது. நித்திலா ஒரு நாள் நாலு பேர் பொடி வாங்க நிற்கும்போது, “அக்கா, கடைப் பாக்கெட்டப் பிரிச்சு ஒங்க பாக்கெட்டுல கொட்டுறீங்களே, அப்ப எதுக்கு வறுக்கிற வாசனை மட்டும் வருது?” என்று கேட்டாள். பாக்கெட்டைப் பார்த்ததோடு நிற்கவில்லை பார், வாசனை எங்கிருந்து வருகிறது என்று யோசித்திருக்கிறாள்! ஒரு கைப்பிடி மல்லியை மட்டும் ஜன்னலோரம் வறுப்பாளாம். விஞ்ஞானி மூளை என்று இவரே சொன்னார். வர்ஷினிக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று காலி செய்துவிட்டாள்.

அப்புறம்தான் ஜோசியர் உலகநாதன். வாசலில் போர்டு, படியில் வரிசை. நம் வீட்டுக்கே ஒரு களை வந்துவிட்டது. நித்திலா மாடிப்படியில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். இறங்கி வருகிறவர்களிடம், “மாமா, ஜோசியர் என்ன சொன்னாரு?” என்று கேட்பாள். குழந்தை கேட்டால் எல்லோரும் சொல்லிவிடுவார்கள் இல்லையா? ‘தைக்குள் வேலை கிடைக்கும்.’ ‘பத்து நாளில் பேத்தி பிறப்பாள்.’ எல்லாவற்றையும் நோட்டில் எழுதினாள். அதே ஆள் மறுபடி வரும்போது, “நடந்துச்சா மாமா?” என்பாள். நடந்தால் ஒரு டிக், நடக்காவிட்டால் ஒரு பெருக்கல் குறி. மாசி மாதம் வரை பதினேழு பேர். அதில் நாலு பேருக்குத்தான் டிக். அந்த நாலிலும் இரண்டு, ‘எதிர்பாராத செலவு வரும்’ என்று சொன்னது. அவருக்குக் காணிக்கை கொடுத்துவிட்டுத்தானே இறங்குகிறார்கள், அதையே செலவு என்று வைத்து டிக் போட்டிருந்தாள். எவ்வளவு நியாயமான மனசு பார்!

ஒரு வெள்ளிக்கிழமை, படியில் ஒரு பதினைந்து பேர். அதில் ஒரு அம்மா இவளிடம், “நல்லாச் சொல்லுவாராம்மா?” என்று கேட்டிருக்கிறாள். இவள் நோட்டைப் பார்த்து, “பதினேழுக்கு நாலு ஆன்ட்டி” என்றாள். நான் சும்மா இருக்கலாம்தான். ஆனால் பின்னால் நின்றவர்களுக்குக் காது கேட்டிருக்காதே என்று, நோட்டை வாங்கி நானே சத்தமாக வாசித்தேன். மத்தியானத்துக்குள் படியில் ஈ, எறும்பு இல்லை. அந்த மனிதர் போகும்போது வாசலில் நின்று, “இந்த வீட்டு வாஸ்துவுல பெரிய கோளாறு இருக்கு” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குப் பிடித்தது சனி. இதுவரை ஒன்பது பேர் வீடு பார்க்க வந்திருக்கிறார்கள். எல்லோரையும் உன்னை மாதிரித்தான் உட்கார வைத்து, டீ கொடுத்து, மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்கிறேன். போனவர் போனவர்தான். வாஸ்து என்ற ஒரு வார்த்தை எப்படி வேலை செய்கிறது பார்.

நீ கடிகாரத்தைப் பார்க்கிறாய். அது ஐந்து நிமிடம் அதிகம் காட்டும். வேகமாக ஓடினால் தேய்ந்துபோகுமா என்று பார்க்க நித்திலா அப்படி வைத்திருக்கிறாள்.

இப்போது மதினி விஷயம். சொன்னேனே, கிரைண்டர். அதை அவர் மறக்கவில்லை. மறுநாளே இவரிடம் வந்து, “தம்பி, பொம்பளப் பிள்ளைய இப்படி வளக்குறது நல்லதுக்கில்ல. எதுக்கெடுத்தாலும் ஏன், ஏன். நாளைக்குப் போற எடத்துல வாங்கிக் கட்டிக்கிருவா” என்றார். கொடைக்கானல் மலையடிவாரத்தில் ஏதோ ஒரு விடுதிப் பள்ளிக்கூடமாம். சாப்பிடும்போதுகூடப் பேசக் கூடாதாம். ஆறு மாதத்தில் பிள்ளை அடங்கிவிடுமாம். விண்ணப்பத்தையும் கையோடு வாங்கி வந்துவிட்டார். அதில் பாதியை அவரே நிரப்பியும் விட்டார்.

இவர் அக்கா சொல்லைத் தட்ட மாட்டார். முடியாது என்றும் சொல்ல மாட்டார், சரி என்றும் சொல்ல மாட்டார். “பாக்கலாங்க்கா” என்பார். பாக்கலாம் என்று சொல்லியே கல்யாணம்கூட நடந்த வீடு இது. மதினி இரண்டு தெரு தள்ளி இருக்கும்போதே வாரம் மூன்று நாள் வருகிறார். மாடியில் வந்து உட்கார்ந்தால் தினமும் காலை காபிக்கு இறங்கி வந்து, “என்ன தம்பி முடிவு பண்ணுன?” என்று கேட்பார். பத்தாவது நாள் இவர் கையெழுத்துப் போட்டுவிடுவார். எனக்குத் தெரியும்.

விண்ணப்பத்தைப் பீரோவில் சேலைக்கு அடியில் வைத்திருக்கிறேன். நித்திலாவுக்குத் தெரியாது. அவளிடம் இதையெல்லாம் எதற்குச் சொல்வது?

நான் ஏழாவது படிக்கும்போது ஒரு முறை எழுந்து ஒரு கேள்வி கேட்டேன். நிலா பகலிலும் தெரிகிறதே, ஏன் என்று. “ஒக்காரு” என்றார் வாத்தியார். உட்கார்ந்தேன். அவ்வளவுதான். பத்தாவது வரை உட்கார்ந்தே இருந்தேன். சரி, அது எதற்கு இப்போது? டீ ஆறிவிட்டது, வேறு தரட்டுமா?

இதோ, வந்துவிட்டாள்! பார், சொன்னேனே, ஒற்றைப் பின்னல்! ஷூவைக் கழற்றிவிட்டு வாடி. வணக்கம் சொல். இந்த அக்கா மாடி வீடு பார்க்க வந்திருக்கிறார்கள். மண் பரிசோதனை செய்கிற வேலை. இல்லை, மண்ணுக்குக் காய்ச்சல் எல்லாம் வராது. வருமா? அக்காவையே கேள், ஆனால் முதலில் கையைக் கழுவு.

என்னம்மா, வாயைத் திறக்கிறாய்! வந்ததிலிருந்து இப்போதுதான் உன் குரலைக் கேட்கிறேன். அவளிடமா கேட்கிறாய்? ‘பதினேழில் நாலு என்றால், செலவு இரண்டு போக மற்ற இரண்டும் எது’ என்றா? சொல்லு நித்திலா, அக்கா கேட்கிறார்களே. ஏன் அப்படி முழிக்கிறாய்? ஓ, இதுவரை யாரும் உன்னைத் திருப்பிக் கேட்டதில்லையா? எல்லோரும் பதில் சொல்லாமல் எழுந்து போய்விடுவார்களா? சரி, இப்போது கேட்டுவிட்டார்கள், சொல்.

ஒன்று, செவ்வாய்க்கிழமை மழை பெய்யும் என்றது. இன்னொன்று, பேத்தி பிறந்தது. அவர் போன பிறகு ஐந்தாவதாக ஒன்று சேர்த்தாயா? ஜோசியர் அவருக்கே சொல்லிக்கொண்டது. ‘இந்த வீட்ல நான் ரொம்ப நாள் இருக்க மாட்டேன்’ என்று. அதற்கும் டிக் போட்டாயா! இது எனக்கே தெரியாதே. அட, நீ இப்படிச் சிரிப்பாயாம்மா? சிரித்தால் கன்னத்தில் குழி விழுகிறது உனக்கு.

நோட்டை எதற்கடி எடுக்கிறாய்? அக்கா எத்தனை மணிக்கு வந்தார்கள் என்றா? மூன்றரைக்கு. இப்போது ஐந்து பத்து, உன் கடிகாரப்படி ஐந்தே கால். எதற்கு அதையெல்லாம் எழுதுகிறாய்? காட்டு இப்படி. இல்லை, காட்டு. அக்கா முன்னால் என்ன வெட்கம்?

‘மாடி வீடு பார்க்க வந்தவர்கள்.’ பார்த்தாயாம்மா, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருக்கிறாள். தேதி. ஆள். ‘அம்மா பேசிய நேரம்.’ இது என்னடி? ‘திரும்பி வந்தார்களா?’

ஏப்ரல் எட்டு. கண்ணாடி போட்ட அங்கிள். ஐம்பது நிமிடம். வரவில்லை.

மே மூன்று. இரட்டைக் குழந்தை ஆன்ட்டி. ஒரு மணி பத்து நிமிடம். வரவில்லை. போகும்போது ஒரு குழந்தையை மறந்துவிட்டுப் போய், வந்து எடுத்துக்கொண்டார். அட, ஆமாம்.

ஜூன் பதினொன்று. போஸ்ட் ஆபீஸ் அங்கிள். அம்மா கோவிலுக்குப் போயிருந்தார். அப்பா பேசியது ஆறு நிமிடம். வீடு பிடித்திருக்கிறது, நாளை அட்வான்ஸ் தருகிறேன் என்றார். மறுநாள் வந்தார். அம்மா இருந்தார். நாற்பது நிமிடம். அப்புறம் வரவில்லை.

இன்னும் ஆறு பேர். எல்லோருக்கும் நேராக வரவில்லை, வரவில்லை, வரவில்லை. கீழே ஏதோ எழுதியிருக்கிறாள்.

‘முடிவு: வாஸ்து இல்லை. அம்மா.’

நானா?

இல்லை, சிரிம்மா, சிரி. அடக்காதே, புரையேறப் போகிறது. நானாடி? நான் உன்னைப் பற்றி நல்லதுதானே சொன்னேன்? ஒரு பொய் சொன்னேனா? வருகிறவர்களுக்கு எப்படிப்பட்ட பிள்ளை இருக்கிற வீட்டுக்குக் குடி வருகிறோம் என்று தெரிய வேண்டாமா?

ஆனால் இதைப் பாரேன். ‘முடிவு’ என்று எழுதி, அதற்கு அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறாள். மூன்றாம் வகுப்பில்! பெற்ற தாய் என்றுகூடப் பார்க்கவில்லை, கணக்கு என்ன சொல்கிறதோ அதை எழுதியிருக்கிறாள். இதை அந்தக் கூட்டத்தில் காட்டியிருக்க வேண்டும். ஸ்டெல்லா டீச்சர் மணியையே தூக்கிக் கொடுத்திருப்பார். சரி, சரி, நிறுத்திவிட்டேன். நேரம் எழுதாதே.

கடைசி வரி இன்றைக்குப் போட்டது. ஜூலை பதினைந்து. ‘பேசாத அக்கா. ஒரு மணி நாற்பது நிமிடம்.’ பக்கத்தில் ‘இதுதான் அதிகம்’ என்று வேறு குறிப்பு. கடிகாரத்தின் ஐந்து நிமிடத்தையும் கழித்திருக்கிறாள் பார்.

மன்னித்துக்கொள்ளம்மா. உனக்கும் நேரமாகிவிட்டது. சாவியும் இல்லை, இவரும் வரவில்லை. நீயும் போய்விடுவாய். போனால் நாளைக்கு மதினி…

என்னடி அது, பென்சில் டப்பாவுக்குள்? மாடிச் சாவியா! நீயா எடுத்துக்கொண்டு போனாய்? பள்ளிக்கூடத்துக்கா? உன் அப்பாவைக் காலையிலிருந்து நாலு முறை திட்டிவிட்டேனே! எதற்கடி?

‘அத்தை பால் காய்ச்சிட்டா என்னைய ஹாஸ்டலுக்கு அனுப்பிருவாங்கல்ல.’

யார் சொன்னது உனக்கு? சேலைக்கு அடியில் எதற்குப் பார்த்தாய்? ஆமாம், எதற்கு என்று உன்னிடம் போய்க் கேட்கிறேன் பார். படித்துவிட்டாயா? முழுவதும் படித்துவிட்டாயா? ‘குழந்தையின் குறைகள்’ என்ற இடத்தில் அத்தை எழுதியதையுமா?

இங்கே வா. வா, பக்கத்தில் உட்கார். உன்னிடம் ஒரு குறையும் இல்லை. கேட்கிறதா? அப்பா கையெழுத்துப் போடவில்லை. போட விட மாட்டேன். அழாதே. நான் எங்கே அழுகிறேன்? சுண்டலில் காரம்.

என்னம்மா, பென்சிலைக் கேட்கிறாயா? கொடு நித்திலா. எங்கே எழுதுகிறாய்? அது ‘திரும்பி வந்தார்களா?’ கட்டம். அதை நாளைக்குத்தான் நிரப்ப வேண்டும், இவள் விதி அப்படி. நித்திலா, என்னடி எழுதியிருக்கிறார்கள்? இந்தக் காரத்தில் எனக்குக் கண் தெரியவில்லை. வாசி.

‘இன்னும் போகவே இல்லை.’

அப்படி என்றால்… நாளைக்கா? நாளைக் காலையிலேயே அம்மாவை அழைத்துவந்து பால் காய்ச்சிவிடுகிறாயா? வீட்டைப் பார்க்காமலேயா! ஏம்மா, மத்தியானம் தண்ணீர் வராது, படித்தாய் இல்லையா? குளியலறைக் கதவை இரண்டு முறை தள்ள வேண்டும். சொல்லிவிட்டேன், அப்புறம் மறைத்தேன் என்று சொல்லாதே.

எழுந்திரு, எழுந்திரு, முதலில் வீட்டைக் காட்டுகிறேன். சாவியை நீயே எடுத்துவா நித்திலா, நீயே திற. இனி நான் வாயைத் திறக்க மாட்டேன். கணக்கு அப்படிச் சொல்கிறது, நானும் படித்தேன் இல்லையா? மாடிப்படி பதினெட்டு. ஏறி முடிக்கிற வரை ஒரு வார்த்தை பேச மாட்டேன், பார்த்துக்கொள்.

பதினெட்டு என்று யார் எண்ணிச் சொன்னது தெரியுமா? இவளுக்கு அப்போது இரண்டரை வயது. இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏறினேன். திடீரென்று, “அம்மா, எறங்கும்போதும் இதே பதினெட்டுதானா?” என்று…

ஏம்மா, இரண்டு பேரும் ஏன் இவ்வளவு வேகமாக ஏறுகிறீர்கள்?